பின்னாடி பாரும்மா

போன மாதம் பாண்டியில் ஒரு மல்டிபிளக்ஸில் இரவுக் காட்சிக்குப் போயிருந்தேன். சைக்கோ கொலைகாரன் படம். கதையைச் சொல்லப்போவதில்லை, ஒரே ஒரு காட்சி மட்டும். வீட்டில் தனியாக இருக்கும் பெண் சமையலறையில் மிக்ஸி போட்டுக்கொண்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் கொல்லைக்கதவின் தாழ்ப்பாள் நகர்வது அவளுக்குக் கேட்கவில்லை. நமக்குத் தெரிகிறது. கதவு ஒரு விரற்கடை திறக்கிறது, நிற்கிறது, இன்னும் கொஞ்சம் திறக்கிறது. அவள் மிக்ஸியை நிறுத்தி மூடியைத் திறந்து பார்க்கிறாள். அரைபடவில்லை போலிருக்கிறது, மறுபடியும் போடுகிறாள். அரங்கத்தில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. அப்போது என் வரிசையிலேயே, இரண்டு இருக்கை தள்ளி, அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "பின்னாடி பாரும்மா! ஏய், பின்னாடி பாரு!"

பின்வரிசைப் பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஒருவன் அதே குரலில் பழித்துக்காட்டினான். பக்கத்திலிருந்த மகள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "மானத்த வாங்காதம்மா" என்றாள். அது நாலு வரிசைக்குக் கேட்டிருக்கும். நானும் சும்மா இருக்கவில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். இருபத்தைந்து வருடமாக நான் பழகி வைத்திருக்கும் பார்வை அது. வாயைத் திறக்காமலே 'இது உங்கள் வீட்டுக் கூடம் இல்லை' என்று சொல்லிவிடும். அந்த அம்மா அதைப் பார்த்தார். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இடைவேளைக்கு விளக்கு போட்டார்கள், அந்தக் கை இறங்கவில்லை. மகள் பாப்கார்ன் வாங்கிவந்து நீட்டினாள், வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாம் பாதி முழுக்கத் திரையைப் பார்த்தது கொஞ்சம்தான், ஓரக்கண்ணால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். படம் முடிந்து லிஃப்ட் வாசலில் பக்கத்தில் நின்றோம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லிஃப்ட் வந்தது, அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. படத்தில் எத்தனையோ ரத்தம் பார்த்தேன், ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. அந்த முந்தானைதான் நின்றது.

இந்தப் பார்வையை நான் கற்றுக்கொண்டதும் இதே பாண்டியில்தான். கல்லூரியில் படிக்கும்போது ஒரு சிறிய திரைப்படச் சங்கத்தில் சேர்ந்தேன். முப்பது நாற்காலி, சுவரில் ஒரு வெள்ளைத் துணி, மாதம் இரண்டு படம். அங்கே யாரும் பேசமாட்டார்கள். இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவார்கள். கடலூரிலிருந்து வந்த எனக்கு அது கோயில் கருவறைபோல இருந்தது. எங்கள் ஊர்த் தியேட்டரில் விசில், கைத்தட்டல், குழந்தை அழுகை, 'ஃபேனைப் போடுடா' என்ற கூச்சல் எல்லாம் சேர்ந்ததுதான் சினிமா. இங்கே, ஒரு காட்சியில் காற்று அசைவதுகூடக் கேட்கிறது. படத்தை மதிப்பது என்றால் இதுதான் என்று அப்போது முடிவு கட்டினேன். இன்றைக்கும் அந்த மௌனத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் அதோடு சேர்த்து இன்னொன்றையும் முடிவு கட்டியிருந்தேன்: திரையைப் பார்த்துக் கத்துகிறவர்களுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று. அதைத்தான் இப்போது எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எடுத்துப் பார்த்தால், அந்தச் சங்கத்தில் நாங்கள் தெய்வமாக வைத்திருந்த ஆளே அதை மறுக்கிறார். திகில் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக், 1962இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் சொன்ன மேசை உதாரணம் சினிமா பேசும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள், திடீரென்று அடியிலிருக்கும் குண்டு வெடிக்கிறது. பார்க்கிறவருக்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை யாரோ வைத்ததை நாம் முன்பே பார்த்துவிட்டோம், எத்தனை மணிக்கு வெடிக்கும் என்றும் தெரியும் என்றால், அதே வெட்டிப்பேச்சு பதினைந்து நிமிடப் பதைப்பாகிவிடுகிறது. எல்லோரும் மேற்கோள் காட்டுவது இந்தப் பதினைந்தையும் பதினைந்தையும்தான். இன்னொரு பகுதி உண்டு. பார்வையாளர் அந்த இருவரையும் எச்சரிக்கத் துடிப்பார் என்கிறார். கண்டதையும் பேசிக்கொண்டிருக்காதீர்கள், உங்கள் காலடியில் குண்டு இருக்கிறது என்று சொல்லத் துடிப்பார் என்கிறார். அப்படியென்றால் அந்தக் கலைஞன் ஆசைப்பட்ட பார்வையாளர் யார்? மூச்சு விடாமல் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒளியமைப்பைக் கவனிக்கும் நானா, எழுந்து நின்று 'பின்னாடி பாரும்மா' என்ற அந்த அம்மாவா?

திரைச்சீலைக்கு வெளியே

இதையெல்லாம் எனக்கு முதலில் காட்டியவர் ஹிட்ச்காக் இல்லை, என் அப்பா. நான்தான் பார்க்கத் தவறிவிட்டேன்.

அப்பா ரயில்வேயில் கேட் கீப்பர். விழுப்புரத்திலிருந்து பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியாகத் திருப்பாதிரிப்புலியூருக்கு வரும் பாதையில், மீட்டர் கேஜ் காலத்தில், நெல்லிக்குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கேட்டில் பல வருடம் இருந்தார். ஓய்வு நாள் வந்தால் எங்கள் மூன்று பேரையும் திருப்பாதிரிப்புலியூருக்குக் கூட்டிவந்து படம் காட்டுவார். சினிமா என்றால் அவருக்கு உயிர். ஆனால் ஒரு பழக்கம். படத்தில் யாராவது ஒரு பெண்ணையோ பிள்ளையையோ எவனாவது துரத்த ஆரம்பித்தால், பின்னணி இசை தடதடக்க ஆரம்பித்தால், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார். ஊரெல்லாம் பாட்டு வந்தால் டீ குடிக்கப் போகும், எங்கள் அப்பா பாட்டு வந்தால் உள்ளே வருவார். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "அந்தப் பொண்ணு தப்பிச்சிடுச்சா?" கொலைகாரன் மாட்டினானா, கதாநாயகன் வந்தானா, எதுவும் கேட்கமாட்டார். அம்மா தலையிலடித்துக்கொள்வாள். "காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டுப் பாதிப் படத்த வெளிய நின்னு பாக்கற ஆம்பள நீங்க ஒருத்தர்தான்." எனக்கும் தம்பிக்கும் வெட்கமாக இருக்கும். அப்பாவுக்குப் பயம் என்று நினைத்தோம். பள்ளிக்கூடத்தில் அதை யாரிடமும் சொல்லமாட்டோம்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் அவர் பின்னாலேயே எழுந்து போனேன். கேலி செய்யத்தான் போனேன். வெளியே டீக்கடையில் இருப்பார் என்று நினைத்தேன், இல்லை. தியேட்டரின் பக்கவாட்டுக் கதவில் கனமான ஒரு சிவப்புத் திரைச்சீலை தொங்கும், பீடிப்புகையும் முறுக்கு எண்ணெயும் ஏறிப்போன துணி. அதற்கு அந்தப் பக்கம், வராந்தாவில், சுவரோடு சுவராக நின்றிருந்தார். ஒரு கை திரைச்சீலையைப் பிடித்திருந்தது. விலக்கவில்லை, பிடித்திருந்தது, அவ்வளவுதான். கண் தரையைப் பார்த்தபடி. காது மட்டும் உள்ளே. உள்ளே ஒரு பெண் ஓடும் சத்தமும் கொலுசுச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. டார்ச் லைட் அடிக்கிற ஆள் ஸ்டூலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது பழகிய காட்சி போல.

"என்னப்பா இங்க நிக்கற?"

"இல்ல பாப்பா, உள்ள புழுக்கமா இருந்துது."

"பயமாப்பா?"

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "கேட்ல இருந்தா வண்டி வர்றது எனக்குத் தெரியும். நடுவுல எவனாவது நின்னா ஓடிப்போயி சொல்லலாம். கொடி இருக்கு, லைட் இருக்கு, வெடி இருக்கு. இங்க எங்க ஓடறது, சொல்லு? தெரிஞ்சிக்கிட்டே சும்மா குந்தியிருக்க என்னால ஆவல."

இதைச் சொல்லும்போது அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் உறைக்கவில்லை. நான் ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்த காலம். ஆலைக்குக் கரும்பு போகும் பருவம், விடியற்காலைப் பனி. கரும்பு ஏற்றிவந்த டயர் வண்டி ஒன்று கேட்டைத் தாண்டும்போது அச்சு முறிந்து தண்டவாளத்தின் மேலேயே குந்திவிட்டது. பாசஞ்சர் வரும் நேரம். வண்டிக்காரரை மாட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அப்பா சிவப்பு விளக்கையும் வெடிகளையும் எடுத்துக்கொண்டு வண்டி வரும் திசையில் தண்டவாளத்தோடு ஓடினார். அந்த வெடி தண்டவாளத்தின் தலையில் கவ்விக்கொள்ளும் ஒரு தகர டப்பி மாதிரி இருக்கும். பத்து மீட்டருக்கு ஒன்றாக மூன்று வைக்க வேண்டும். என்ஜின் சக்கரம் ஏறினால் வெடிக்கும், அந்தச் சத்தத்தில் டிரைவர் பிரேக் போடுவார். பனியில் விளக்கு தெரிகிறதோ இல்லையோ, சத்தம் கேட்கும். கேட்டது. வண்டி நின்றது. மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வந்த பாராட்டுக் கடிதத்தை அப்பா பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் வைத்திருந்தார், யாருக்கும் எடுத்துக் காட்டமாட்டார். அந்த மனிதரைத்தான் கொண்டுவந்து இருட்டில் உட்காரவைத்து, வண்டி வருகிறது, நடுவில் ஒரு பெண் நிற்கிறாள், நீ மட்டும் அசையக் கூடாது என்று சினிமா சொன்னது. அவர் எழுந்து போனார். போனாலும் முழுக்கப் போகவில்லை. அந்தப் பெண் தப்பித்தாளா என்று தெரியும்வரை திரைச்சீலையை விட அவருக்கு மனம் வரவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும், அதற்கு அடுத்த மூன்றாவது வருடம் நான் பாண்டிக்குப் போய் அந்தப் பார்வையைக் கற்றுக்கொண்டேன் என்பதுதான் எனக்கு இப்போது வலிக்கிறது.

கோவிந்தா

அம்மாவுக்குச் சொந்த ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேட வேண்டும். பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. அதில் துகில் கூத்து நடக்கும் ராத்திரிக்குத்தான் கூட்டம் அதிகம். பாஞ்சாலிக்கு என்ன ஆகப்போகிறது என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். யாரும் 'கதையைச் சொல்லிவிடாதே' என்று காதைப் பொத்திக்கொள்வதில்லை. இருந்தும், துச்சாதனன் அவள் கூந்தலைப் பிடிக்க வரும்போது பந்தலே மூச்சடக்கும். என் பாட்டி ஐம்பது வருடம் அதே கூத்தைப் பார்த்தவள். ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் மண்ணை வாரி, "பாழாப்போறவனே, உன் கை வெளங்குமா" என்று சாபம் விடுவாள்.

அந்த இடத்தில் துச்சாதனன் வேஷக்காரர் என்ன செய்வார் தெரியுமா? நின்றுவிடுவார். ஆட்டம் நிற்கும், மத்தளம் தணியும். அம்மனை நோக்கிக் கைகூப்பி, தாயே, நான் வேஷம் கட்டியவன், வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிறேன், என்னைப் பொறுத்துக்கொள் என்று கேட்பார். கற்பூரம் ஏற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் முந்தானையில் கை வைப்பார். பாஞ்சாலி கண்ணனை அழைக்கும்போது கூட்டம் முழுக்க 'கோவிந்தா, கோவிந்தா' என்று எழும். சிலருக்கு ஆவேசம் வரும். பக்கத்திலிருப்பவர்கள் பிடித்து, வேப்பிலை கொடுத்து, திருநீறு பூசி உட்காரவைப்பார்கள். யாரும் யாரையும் 'மானத்த வாங்காத' என்று சொன்னதில்லை. இரணிய நாடகத்தில் நரசிம்மம் வரும்போது வேஷக்காரரையே நாலு பேர் பிடித்துக்கொள்வார்கள், உக்கிரம் ஏறி எதிரே நிற்பவரை உண்மையிலேயே கிழித்துவிடக் கூடாதே என்று. பார்க்கிறவனுக்கும் ஆடுகிறவனுக்கும் தாங்க முடியாமல் போகும் என்பதை முன்னாலேயே தெரிந்து, அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்த கலை அது.

அந்தச் சபையில் பீஷ்மரும் துரோணரும் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்துகொண்டே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பாட்டி துச்சாதனனுக்கு விட்ட சாபத்தில் பாதி அவர்களுக்கும் விடுவாள். சின்ன வயதில் அது எனக்குப் புரிந்ததில்லை, அந்தக் கிழவர்கள் என்ன செய்தார்கள், அவர்கள்தான் ஒன்றுமே செய்யவில்லையே என்று கேட்டிருக்கிறேன். "அதுக்குத்தான்டி" என்பாள்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதும் இளம்பூரணர், செயிற்றியனார் என்பவரின் சூத்திரம் ஒன்றை எடுத்துக் காட்டுகிறார்: 'உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல் மெய்ப்பா டென்ப மெய்யுணர்ந் தோரே.' நடத்துகிறவன் செய்தது பார்க்கிறவரைப் போய்ச் சேர்வதுதான் மெய்ப்பாடு. சொல்லிலேயே மெய் இருக்கிறது, உடம்பு. அச்சப்பட்டவனின் அச்சம் உடம்பில் வெளிப்பட்டு, காண்பவருக்குப் புலனாக வேண்டும் என்று விளக்கிக்கொண்டு போகிறார். கல்லூரியில் இதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தேன். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம் என்று எட்டையும் வரிசை தவறாமல் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த வருடம்தான் சங்கத்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்து 'ஐயோ' என்றுவிட்ட ஒரு முதலாமாண்டுப் பெண்ணைத் திரும்பிப் பார்க்கவைத்து அடக்கினேன். செய்தது அவளுக்கு எய்தியிருந்தது. எனக்கு மதிப்பெண் மட்டும்தான் எய்தியிருந்தது.

ஜெர்மனியில் மைன்ஸ் என்ற ஊரில் வேதியியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். 2013 டிசம்பரிலும் 2014 ஜனவரியிலும் அந்த ஊர்த் தியேட்டர் ஒன்றின் காற்று வெளியேறும் குழாயில் கருவியைப் பொருத்தி, 16 படங்கள், 108 காட்சிகள், ஏறக்குறைய 9,500 பேர் விட்ட மூச்சை அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தார்கள். 2016இல் முடிவை வெளியிட்டார்கள். நாயகி உயிருக்குப் போராடும் காட்சி வந்தால் கரியமில வாயுவும் ஐசோபிரீன் என்ற வாயுவும் சட்டென்று ஏறுகின்றன. தசை இறுகும்போதும் அசையும்போதும் ஐசோபிரீன் மூச்சில் கூடுகிறதாம். அதே படத்தை வேறொரு நாள் வேறு ஆட்கள் பார்த்தாலும் அதே காட்சியில் அதே ஏற்றம். அத்தனை பேரும் ஒழுங்காக வாய்மூடி உட்கார்ந்திருந்திருக்கலாம். உடம்பு கத்தியிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அந்த அம்மாவின் முந்தானைதான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தாரே, அந்தத் துணியைத் தாண்டியும் அவர் மூச்சு மேலே ஏறி, என் மூச்சோடும் அந்தப் பையன்கள் மூச்சோடும் சேர்ந்து, ஏசி குழாய் வழியாக வெளியே போயிருக்கும். அதில் எது யாருடையது என்று எந்தக் கருவியாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

நம் சினிமா இந்தத் தாங்கமுடியாமையை ரொம்ப நாள் பாட்டை வைத்துச் சமாளித்தது. கொலை நடந்த வீட்டில் அடுத்த ரீலில் ஒரு டூயட் வரும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். 1954இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தபோது பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. தமிழில் பாட்டே இல்லாத முதல் படம். படம் ஆரம்பித்த உடனேயே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார். இன்று அதைக் கொண்டாடாத ஆளில்லை, வந்த காலத்தில் கூட்டம் வரவில்லை. ரசனை போதவில்லை என்று நானும் பேசியிருக்கிறேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. மூச்சு விட எந்த இடமும் வைக்காத ஒரு படத்தில் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்று யாரும் அந்த மக்களிடம் அதுவரை கேட்டதில்லை.

இன்னொரு சிரிப்பு

இவ்வளவு எழுதிவிட்டு, தியேட்டரில் யாரும் எந்தச் சத்தமும் போடலாம் என்று சொல்லிவிட என்னால் முடியாது. ஏனென்றால் இன்னொரு குரலையும் நான் கேட்டிருக்கிறேன்.

பயத்தில் வருகிற சிரிப்பு எனக்குத் தெரியும். என் தம்பி பேய்ப்படத்தில் விழுந்து விழுந்து சிரிப்பான், அன்று ராத்திரி அம்மாவின் பக்கத்தில்தான் படுப்பான். அது கெட்ட சிரிப்பு இல்லை. பையன்கள் அழக்கூடாது, பயப்படக்கூடாது என்று வளர்த்துவிட்டோம், வேறு எந்த வழியாக அது வெளியே வரும்? நான் சொல்வது வேறொன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கடலூரில் நாங்கள் நாலு பெண்கள் ஒரு படத்துக்குப் போனோம். ஆளில்லாத தெருவில் ஒரு பெண் நடந்து போகிறாள், பின்னால் ஒருவன். அவள் வேகமாக நடக்க, அவனும் வேகமாக நடக்கிறான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "விடாத மச்சான்!" உடனே விசில். அவன் அவளை எட்டிப் பிடிக்கும்போது கைத்தட்டல். நாங்கள் நாலு பேரும் ஒன்றும் பேசாமல் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். படம் விட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது எங்களுக்குப் பின்னால் யாரோ செருப்புச் சத்தத்தோடு வந்துகொண்டே இருந்தார்கள். யாராவது படம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களாகத்தான் இருக்கும். நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓட்டமும் நடையுமாகப் போய் வெளிச்சத்தில் நின்ற பிறகுதான் ஒருத்தி அழுதாள்.

இரண்டுமே இருட்டில் திரையைப் பார்த்துக் கத்துவதுதான். ஒன்று கத்திக்கு முன்னால் நிற்கும் பெண்ணைப் பார்த்துச் சொல்வது, இன்னொன்று கத்தியைப் பிடித்தவனைப் பார்த்துச் சொல்வது. இந்த வித்தியாசத்தை என் பார்வை என்றைக்காவது கண்டுகொண்டதா என்று ஒரு வாரமாக யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு அந்தப் பின்வரிசையை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அந்த மாதிரிக் குரல் கேட்டிருக்கிறது, ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பயம். நான் திரும்பிப் பார்த்ததெல்லாம் யாரை? குழந்தையோடு வந்த அம்மாக்களை. கதையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லிக்கொண்டே பார்க்கும் பாட்டிகளை. 'ஐயோ' என்றுவிட்ட ஒரு முதலாமாண்டுப் பெண்ணை. திருப்பி எதுவும் செய்ய முடியாதவர்களை மட்டும்தான். கலைக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒழுங்கு, எனக்கு ஆபத்தில்லாத இடமாகப் பார்த்துத்தான் இத்தனை வருடமும் இறங்கியிருக்கிறது. போன மாதமும் அப்படித்தான். பழித்துக்காட்டிய பையன் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தான். நான் திரும்பியது பக்கவாட்டில்.

போன ஞாயிற்றுக்கிழமை கடலூருக்குப் போயிருந்தேன். அப்பாவுக்கு இப்போது எழுபத்தாறு. மீட்டர் கேஜ் போய் 2010இல் அகலப்பாதையில் வண்டி ஓட ஆரம்பித்ததற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். தியேட்டருக்குப் போவதை நிறுத்திப் பல வருடமாகிறது. வீட்டில் டிவியில் படம் பார்க்கும்போதும் அப்படித்தான், துரத்தல் ஆரம்பித்தால் திண்ணைக்கு வந்துவிடுவார், டிவியை மட்டும் நிறுத்தவிடமாட்டார், ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவரிடம் நடந்ததைச் சொன்னேன். மிக்ஸி போட்டுக்கொண்டிருந்த பெண்ணை, கொல்லைக்கதவை, எழுந்து நின்ற அந்த அம்மாவை, சிரித்த பையன்களை, மகள் சொன்னதை, நான் பார்த்த பார்வையை, லிஃப்ட் வாசலில் நான் வாயைத் திறக்காததை. ஒன்றையும் மறைக்கவில்லை. என் குரல் ஒரு இடத்தில் கொஞ்சம் உடைந்தது. அவர் குறுக்கே பேசாமல், கண்ணைத் தரையில் வைத்தபடி, முழுக்கக் கேட்டார். ஏதாவது சொல்வார், திட்டினாலும் பரவாயில்லை என்று காத்திருந்தேன்.

"அப்புறம்?" என்றார். "அந்த அம்மா சொன்னதுக்கு, அது திரும்பிப் பாத்துச்சா?"

"யாருப்பா?"

"மிக்ஸி போட்டுக்கிட்டிருந்த பொண்ணு."

"பாத்துச்சுப்பா. கொஞ்சம் லேட்டாத்தான் பாத்துச்சு. ஆனா தப்பிச்சிடுச்சு."

"ம்" என்று டீ டம்ளரைக் கையில் எடுத்தார்.